உலக்கை நின்ன கதையும் ஆறு மூட்டை வெங்காயமும்

மைக்செட் நின்னுருச்சு. இன்னைக்கு 2019 டிசம்பர் 28-ஆம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரோ சுவிட்சை அமத்தின மாதிரி ஊரே கப்சிப்னு ஆயிருச்சு. பத்து நாளா ஆட்டோ மேல குழாயைக் கட்டிக்கிட்டு, காலையில "அன்பார்ந்த தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சா, ராத்திரி மாடு அசை போடுற நேரம் வரைக்கும் விடலை. எங்க செவலைப் பசு ரெண்டு நாளா பாலைக் குறைச்சிருச்சு. தாய்மார்னு தன்னையும் சேத்துத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுதோ என்னமோ, ஆட்டோ வந்தாலே காதைத் தூக்கிக்கிட்டு நிக்கும்.

உள்ளாட்சித் தேர்தலுங்க. எங்க ஒன்றியத்துக்கு ரெண்டாம் கட்டம், நாளைக் கழிச்சு 30-ஆம் தேதி ஓட்டு. கடைசியா 2011-ல போட்டது. 2016 அக்டோபரோட அவங்க காலம் முடிஞ்சு, மூணு வருஷத்துக்கு மேல தலைவரும் கிடையாது, வார்டு மெம்பரும் கிடையாது. தெருவிளக்கு எரியலைன்னா யாரைத் திட்டுறதுன்னே தெரியாம தவிச்சுப் போனோம். பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியும். கிராமத்துல திட்டுறதுக்குன்னு ஒரு ஆள் வேணும். ரோடு, தண்ணி மாதிரி அதுவும் ஒரு அடிப்படை வசதிதான்.

தலைவர் பதவிக்கு மூணு பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் எனக்குப் பங்காளி. ஒருத்தர் மச்சான் முறை. மூணாவது ஆள் என்கூட பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தவன். மூணு பேரும் தனித்தனியா வந்து, "உங்க வீட்டு நாலு ஓட்டும் எனக்குத்தானே"ன்னு கேட்டாங்க. மூணு பேருக்கும் ஆமான்னு சொல்லியாச்சு. அந்தக் கணக்குப்படி எங்க வீட்டுல பன்னெண்டு ஓட்டு. ஒருத்தருக்கு பூட்டு சாவி சின்னம் கிடைச்சிருக்கு. டீக்கடை அண்ணன் டம்ளரைக் கழுவிக்கிட்டே சொன்னார்: "பஞ்சாயத்து ஆபீசு மூணு வருஷமா பாதி நாள் பூட்டித்தான் கிடந்துச்சு. சாவி இவருகிட்ட இருந்துச்சுன்னு இப்பத்தான தெரியுது!"

இந்தச் சத்தத்துல ஒண்ணும் எழுத முடியலை. இன்னைக்குத்தான் திண்ணையில உக்காந்து போனைக் கையில எடுத்திருக்கேன். வருஷக் கடைசி வேற. பேப்பர்ல படிச்சது, டீக்கடையில கேட்டது, தோட்டத்துல பட்டது எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டு கூட்டாஞ்சோறாக் கிண்டிருவோம். உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாப் பொறுத்துக்கங்க.

*

முந்தாநாள் கிரகணம். வளைய சூரிய கிரகணம்னு பேப்பர்ல போட்டிருந்தான். வளையம் முழுசாத் தெரியுற பாதை கோயமுத்தூர், திண்டுக்கல்னு நம்ம வழியாத்தான் போச்சு. ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிற எங்களுக்குக் காசு செலவில்லாத வேடிக்கை. எட்டு மணிக்கு மேல ஆரம்பிச்சு, ஒன்பதரை வாக்குல சூரியன் ஒரு தங்க வளையல் மாதிரி ஆகி, மூணு நிமிஷம் நின்னுச்சு. வெயில் இருக்கு, ஆனா வெயில் மாதிரி இல்லை. அம்பது வருஷத்துக்கு மேல இதே வானத்தைப் பாத்துட்டேன், அப்படி ஒரு வெளிச்சத்தைப் பாத்ததில்லை. வேப்பமரத்தடியில இலை இடுக்குல விழுற வெளிச்சப் பொட்டு இருக்குமே, அது அத்தனையும் குட்டிக் குட்டி வளையமா மண்ணுல கிடந்துச்சு. மேல பாக்க பயந்துக்கிட்டு நான் கீழேயே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுவே போதும்னு ஆயிருச்சு.

எங்க அம்மாவுக்கு எண்பது வயசு. அவங்களுக்கு சூரியனைப் பத்திக் கவலையே இல்லை. பரண்ல கிடந்த உலக்கையை இறக்கச் சொன்னாங்க. பித்தளைத் தாம்பாளத்துல மஞ்சத்தண்ணி ஊத்தி, நடுவுல உலக்கையை நிறுத்தி, கையை விட்டாங்க. நின்னுச்சு! தெருவே கூடிருச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டவங்க பாதி, போன்ல படம் எடுத்தவங்க மீதி. "கிரகணம் விட்டா தானா விழுந்துரும், பாத்துக்கிட்டே இருங்க"ன்னு அம்மா சொன்னாங்க. பதினோரு மணிக்கு மேல பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து இடிச்சதுல விழுந்துச்சு. "பாத்தியா!"ன்னாங்க.

அரைப் பரீட்சை லீவுக்கு திருப்பூர்ல இருந்து வந்திருக்கிற எங்க பேத்தி ஆறாவது படிக்குது. அது ஒண்ணும் பேசலை. மறுநாள் சத்தமில்லாம அதே தாம்பாளம், அதே தண்ணி, அதே உலக்கை. இப்பவும் ஜம்முனு நின்னுச்சு. "அடி தட்டையா, பூண் போட்டு கனமா இருந்தா எந்த நாள்லயும் நிக்கும் பாட்டி"ன்னு சொல்லுச்சு. எங்க அம்மா உலக்கையை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கிரகணம் இன்னும் முழுசா விடலை கண்ணு"ன்னாங்க.

இந்தக் களேபரத்துல எங்க வீட்டம்மா என்ன பண்ணுச்சுன்னா, வழக்கம் போல தண்ணிக் குடத்து மேல, மாவு மேல, ஊறுகாய் ஜாடி மேல எல்லாம் அருகம்புல்லைக் கிள்ளிப் போட்டுச்சு. அதோட தாழ்வாரத்துல இருந்த ஆறு மூட்டை வெங்காயத்து மேலயும் மூட்டைக்கு ஒண்ணா வச்சுச்சு. வெங்காயத்துக்கு எதுக்குன்னு கேட்டேன். "இப்ப இருக்கிற விலைக்கு எல்லாரு கண்ணும் அது மேலதான். சூரியன் மட்டும் என்ன பாவம்"னு பதில் வந்துச்சு.

*

அந்த ஆறு மூட்டைக் கதையைச் சொல்லணும்.

நம்ம பக்கம் சின்ன வெங்காயம் வைகாசியில ஊனி ஆடி, ஆவணியில எடுப்போம். எடுத்ததும் விக்காம, தோட்டத்துலயே பட்டறை போட்டு வைக்கிறது உண்டு. பட்டறைன்னா மூங்கில் தப்பையில அடிச்ச நீளமான கூண்டு. தரையில படாம கல்லு மேல நிக்கும், மேல தென்னங்கீத்து. காத்து உள்ள பூந்து வெளிய போகணும். நல்லாக் காஞ்ச வெங்காயம் ரெண்டு மூணு மாசம் தாங்கும். விலை ஏறுறப்ப இறக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். செப்டம்பர் 29-ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு. வழக்கமா வாங்குற வியாபாரி வந்து, "கப்பல் நின்னுபோச்சு, இனி விலை படுத்துரும். இன்னைக்குன்னா கிலோ முப்பத்தி அஞ்சு, நாளைக்கு நான் வரமாட்டேன்"னார். எங்க வீட்டம்மா வேண்டாம்னு கண்ணைக் காட்டுச்சு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். பட்டறையை மொத்தமா இறக்கியாச்சு, விதைக்குன்னு எடுத்து வச்ச ஆறு மூட்டை தவிர.

அப்புறம் மகாராஷ்டிரா பக்கம் மழை விடாமப் பேஞ்சு பெரிய வெங்காயம் வயல்லயே அழுகிப்போச்சு. மீதியைத்தான் நீங்களே கடையில பாத்திருப்பீங்களே. எகிப்துல இருந்து வெங்காயம் வருது, துருக்கியில இருந்து வருதுங்கிறாங்க. பிரமிடு கட்டினவன் வெங்காயம் நம்ம சாம்பார்ல மிதக்குது. பட்டுக்கோட்டையில ஒரு செல்போன் கடையில, போன் வாங்கினா ஒரு கிலோ வெங்காயம் இலவசம்னு இந்த மாசம் அறிவிச்சாங்க. அதைப் படிச்சதும் எங்க பையன் கேட்டான்: "அப்பா, நம்மகிட்ட முந்நூறு கிலோ இருக்கே, முந்நூறு போனுக்கு சமமாப்பா?" அப்படிக் கணக்குப் போட்டா எனக்கே தலை சுத்துச்சு.

போன வாரம் சென்னையில இருந்து தங்கச்சி மகன் கூப்பிட்டான். "மாமா, அங்க வெங்காயம் என்ன விலை? இங்க இருநூறுக்கு வந்துருச்சு. நீங்க இந்த வருஷம் கோடீஸ்வரர்தான்"னான். நான் முப்பத்தி அஞ்சுக்கு வித்ததை அவன்கிட்ட சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன். "ஏதோ கடவுள் புண்ணியம் மாப்ள"ன்னு வச்சுட்டேன். பின்னாடி நின்னுக்கிட்டு இருந்த எங்க வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்கு அந்த எகிப்து வெங்காயத்தைக் கண்ணுல பிழிஞ்சிருந்தாக்கூட அவ்வளவு எரிஞ்சிருக்காது.

*

சென்னைன்னதும் தண்ணி ஞாபகம் வருது. இந்த வருஷம் கோடையில மாப்ளைக்கு வெங்காயம் பெரிசில்லை, ஒரு குடம் தண்ணிதான் பெரிசு. லாரிக்குப் பணம் கட்டிட்டு இருபது நாள் காத்துக் கிடந்தேன்னான். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி போச்சு. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு, வாழை மரம் கட்டி அனுப்பினதை டிவியில பாத்து எங்க ஊர்ல வாயைப் பொளந்தோம்.

விவசாயிக்கு ஒரு கெட்ட பழக்கம், எதைப் பாத்தாலும் ஏக்கர்ல கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கர்ல 25 மில்லிமீட்டர் மழை, அதாவது ஒரு அங்குலம் பேஞ்சா, விழுற தண்ணி ஒரு லட்சம் லிட்டர். அப்ப அந்த ரயில் மொத்தமும் இருபத்தி அஞ்சு ஏக்கர்ல ஒரு மழை. எங்க ஊர் மேக்கால சரிவு மட்டுமே அதை விட ஜாஸ்தி. அங்க ஒரு மழை பேஞ்சா ஒரு ரயிலு ஓடைவழியா ஹார்ன் அடிக்காமப் போகுது.

சரி, நம்ம கணக்கு நம்மோட. உங்க கணக்கையும் பேத்தி உதவியோட போட்டுப் பாத்தேன். சென்னையில வருஷத்துக்கு சுமாரா 1,400 மில்லிமீட்டர் மழை. எங்களுக்கு வர்றதை விட எவ்வளவோ ஜாஸ்தி. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில வருஷத்துக்கு விழுற தண்ணி ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். இருபது வீட்டு மொட்டை மாடி சேந்தா ஒரு ரயில். உங்க தெருவுல ஒரு பக்கம் மட்டும் எண்ணிப் பாருங்க. 2003-லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புன்னு சட்டம் போட்டு குழாய் எல்லாம் வச்சாங்க. மாப்ள வீட்டுல அந்தக் குழாய் இருக்கு, நானே பாத்தேன். கீழ் முனையில ஒரு ரோஜாத் தொட்டி வச்சிருக்கான். ரோஜா நல்லா இருக்கு.

தண்ணிக்காக ஜனங்க பண்ணுற கூத்துக்கு அளவே இல்லை. போபால்ல ஜூலை மாசம் மழை வேணும்னு தவளை பொம்மை ரெண்டுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்க. அப்புறம் பேஞ்சது பாருங்க மழை, நிக்கவே இல்லை. ஊரெல்லாம் வெள்ளம். செப்டம்பர்ல அதே ஆளுங்க கூடி அந்தத் தவளைகளுக்கு விவாகரத்து பண்ணிட்டாங்க! ரெண்டு மாசம்கூட வாழவிடலை. ஜீவனாம்சம் பத்தி செய்தியில ஒண்ணும் இல்லை.

நாம சிரிக்கக் கூடாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர்லயும் கழுதைக் கல்யாணம் நடந்துச்சு. மாப்பிள்ளைக் கழுதை தாலி கட்டுற நேரத்துல கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. பந்தி மட்டும் ஒழுங்கா நடந்துச்சு. மழை வரலை. அதுக்குக் காரணம் மாப்பிள்ளை வீட்டார்தான்னு இன்னைக்கும் எங்க பெரியப்பா சொல்லுவார். பொம்பளைங்க வீடு வீடாப் போயி மழைச்சோறு எடுத்து, உப்பில்லாம ஊர்ப் பொதுவுல உக்காந்து திம்பாங்க. எங்க அம்மா அதைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிக்கிறதில்லை. குடிக்கத் தண்ணியில்லாத வருஷத்துல மாடு கன்னை அவுத்து விட்டுட்டு ஊரை விட்டுப் போனவங்க அவங்க.

*

அடுத்து, பிளாஸ்டிக். தமிழ்நாட்டுல தடை வந்து வர்ற ஜனவரி 1-ஆம் தேதியோட ஒரு வருஷம் ஆகப்போகுது. ஆரம்பத்துல எங்க பக்கம் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. டீக்கடையில கண்ணாடி டம்ளர் திரும்பி வந்துச்சு. ஓட்டல்ல பார்சலுக்குப் போனா, "சாம்பாருக்குத் தூக்கு கொண்டாந்தீங்களா"ன்னு அதட்டினாங்க. கல்யாண வீட்டு மஞ்சப்பைக்கு மறுவாழ்வு வந்துச்சு. எங்க வீட்டுல ஒரு பை இருக்கு, அதுல பேர் போட்டிருக்கிற மாப்பிள்ளை பொண்ணுக்கு இப்பப் பேரன் இருக்கான். பை இன்னும் கிழியலை. இப்ப மெதுவா பழைய கதைதான். கேரிபேக் இருக்கான்னு கேட்டா இல்லைங்கிறான், மொகத்தைச் சுளிச்சா கல்லாவுக்குக் கீழ இருந்து ஒண்ணு வருது.

அக்டோபர்ல ஒரு செய்தி படிச்சேன். சென்னையில ஒரு பசு மாட்டுக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி, வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தாங்க. அஞ்சரை மணி நேரம் ஆச்சாம். ஒரு மூட்டை சிமெண்டு அம்பது கிலோ. அதை விட ரெண்டு கிலோ ஜாஸ்தி, அதைச் சுமந்துக்கிட்டு அந்த ஜீவன் நடந்திருக்கு, பாலும் கறந்திருக்கு. மாட்டுக்குத் துப்பத் தெரியாதுங்க. மோந்து பாத்து மிச்ச சோத்து வாசம் வந்தா பையோட முழுங்கிரும். மொத வயித்துல போயிக் கிடக்கும், அசைக்கும் வராது, சாணியிலயும் வராது. பந்தா உருண்டுக்கிட்டே இருக்கும். வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கிறதால தீனி எடுக்காது. வெளிய இருந்து பாத்தா கொழுத்த மாடு மாதிரி தெரியும்.

படிச்சுட்டு பட்டணத்தாரைத் திட்டலாம்னுதான் எந்திரிச்சேன். தோட்டத்துக்குப் போனதும் வாய் அடைச்சுப் போச்சு. போன வருஷம் தக்காளிக்கு நிலப்போர்வை விரிச்சேன், அதாங்க மல்ச்சிங் சீட்டு. களை வராது, தண்ணி மிச்சம்னு சொன்னாங்க. பொய் இல்லை, ரெண்டும் உண்மை. ஆனா அது காயிதம் மாதிரி மெல்லிசு. பயிர் முடிஞ்சு உருவுறப்ப முழுசா வராது, கிழிஞ்சு கிழிஞ்சு வரும். மண்ணுக்குள்ள மாட்டினது மாட்டினதுதான். இப்ப ஒவ்வொரு உழவுக்கும் கறுப்பும் வெள்ளியுமாத் துண்டு துண்டா மேல வருது. அதோட எலியும் அணிலும் கடிச்சுப் போட்ட சொட்டுநீர் டியூப்பு. (தொட்டியில தண்ணி ரொப்பி வச்சாலும் அணிலு அதைத் தொடாது. டியூப்பைக் கடிச்சாத்தான் அதுக்கு ருசி.) உர மூட்டைக்குள்ள வர்ற உள் பை வேற. உங்க கேரிபேக்கையும் என் தோட்டத்தையும் தராசுல வச்சா எந்தப் பக்கம் தாழும்னு சொல்ல முடியாது. இந்தத் தடவை வெங்காயத்துக்குப் போர்வை வேண்டாம்னு முடிவு பண்ணி, பேத்தியையும் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் பொறுக்கினோம். மூணு சாக்கு. அதைக் கொண்டு போய் எங்க போடுறதுன்னு இன்னும் தெரியலை. கொட்டகை மூலையில இருக்கு.

கொட்டகைன்னதும் இன்னொண்ணு. அதுக்கு மேல போட்டிருக்கிறது போன ஏப்ரல் எம்பி தேர்தல் பிளக்ஸ். மழைக்கு நல்லாத் தாங்குது. தலைவர் ரெண்டு கையையும் கும்பிட்டபடி மாட்டைப் பாத்துக்கிட்டு இருக்கார். எதிர்க்கட்சித் தலைவர் கோழிக்கூண்டு மேல. வேற எந்த வாக்குறுதி நிறைவேறுச்சோ இல்லையோ, எங்க வீட்டுல ரெண்டு பேரும் கூரை போட்டுக் குடுத்துட்டாங்க.

*

இப்ப ஆறு மூட்டைக்கு வர்றேன்.

கிரகணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அதே வியாபாரி பைக்ல வந்தார். விதை வெங்காயம் எங்கயும் கிடைக்கலையாம். கிலோ நூத்திப் பத்து, கையில காசுன்னார். முந்நூறு கிலோவுக்கு முப்பத்தி மூவாயிரம். வேலை இல்லை, ஆள் கூலி இல்லை, உரம் மருந்து இல்லை, மழைக்கு பயந்து ராத்திரி முழிக்க வேண்டியதில்லை. எங்க வீட்டம்மா சங்கிலி சொசைட்டியில நாப்பதாயிரத்துக்கு இருக்கு. தைக்குள்ள வட்டி கட்டித் திருப்பி வைக்கணும், இல்லைன்னா மீட்கணும்.

அதை ஊனினா என்ன ஆகும்? முந்நூறு கிலோ அரை ஏக்கருக்குப் போதும். எழுபது நாள். நல்லா வந்தா ரெண்டரை டன் எடுக்கலாம். ஆனா மாசிக் கடைசியில நாம எடுக்கிறப்ப ஊரே எடுக்கும். இப்ப இருக்கிற விலையைப் பாத்து எல்லாவனும் வெங்காயம்தான் ஊனிக்கிட்டு இருக்கான். அன்னைக்கு இருபதுக்கு வித்தா செலவு போக முப்பதாயிரம் நிக்கிறதே கஷ்டம். பத்துக்குப் போச்சுன்னா நாமளே மாட்டுக்குக் கொட்டணும். ஆக, கணக்குப்படி பாத்தா வித்துட்டு சும்மா இருக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஆனா விதையை வித்துட்டு நிலத்தைச் சும்மா போடுறதுன்னா என்னமோ தொண்டையில அடைக்குது. கிணத்துல நாலு வருஷம் கழிச்சு தண்ணி ஏறியிருக்கு. இந்தத் தண்ணியை வச்சுக்கிட்டு தரிசு போட்டா எங்க அப்பா கனவுல வந்து வைவார். கிரகணம் முழுக்க இதே பேச்சுதான். வெளிய உலக்கை நிக்குது, உள்ள நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம். போன தடவை பேச்சைக் கேக்கலையேன்னு, இந்தத் தடவை எங்க வீட்டம்மாகிட்டயே விட்டுட்டேன். "நீ சொல்றதுதான்"னேன். சங்கிலியை மீட்கச் சொல்லும்னு நினைச்சேன். அது கொஞ்ச நேரம் மூட்டையைப் பாத்துக்கிட்டு இருந்துட்டு, "ரெண்டைக் குடுங்க, வட்டியைக் கட்டுவோம். நாலை ஊனுங்க. கழுத்துல எதுவும் இல்லாட்டி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. காடு காலியாக் கிடந்தா நாலு பேரு கேப்பாங்க"ன்னுச்சு.

மூட்டை மேல இருந்த அருகம்புல்லை எடுத்துப் போட்டுட்டு ரெண்டை எடை போட்டுக் குடுத்தேன்.

நேத்து ஊனினோம். கூலிக்கு ஆள் இல்லை. எல்லாரும் கொடி பிடிக்கப் போயிட்டாங்க. அங்க மதியச் சோறும் உண்டு, குனியவும் வேண்டியதில்லை. நான், வீட்டம்மா, பையன், பேத்தி, பக்கத்துத் தோட்டத்து அக்கா. பார் ரெண்டு பக்கமும் அரைச் சாண் இடைவெளி விட்டு ஒவ்வொண்ணா ஊனி முடிக்க இருட்டிருச்சு. இடுப்பு எனக்குச் சொந்தமில்லைன்னு ஆயிருச்சு.

இன்னைக்குக் காலையில போனா பதினோரு மயில். புதுசாக் கிளறின ஈர மண்ணு, பூச்சி புழு கிடைக்கும்னு பாரைக் கிண்டிக்கிட்டு இருக்குதுங்க. மயில் மேல கை வச்சா ஜெயிலு, 1972-ஆம் வருஷத்துச் சட்டம். அதை அடிக்கணும்னு எனக்கும் ஆசையில்லை. ஆனா தேசியப் பறவைன்னு உங்க ஸ்டேட்டஸ்ல தோகை விரிச்சு ஆடுறது, என் தோட்டத்துல வெங்காயத்தை ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் போட்டிருக்கு. எங்க சின்ன வயசுல மயில் பாக்கணும்னா விராலிமலைக்கோ பழனி அடிவாரத்துக்கோ போகணும். இப்ப குள்ளநரி ஒண்ணையும் காணோம். முட்டையைத் திங்க ஆள் இல்லாமப் பெருகிப்போச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க. சீமைக்கருவேல முள்ளுக்காடு வேற அடைய வசதியா இருக்கு. முருகன் பழனியில இருக்கார். வண்டியை மட்டும் என் தோட்டத்துல பார்க்கிங் போட்டுட்டார்.

எழுபது எண்பது வெங்காயத்தைத் திரும்ப ஊனிட்டு, சுத்தியும் பழைய சேலை கட்டினோம். நம்ம பக்கம் இதுதான் வழக்கம். சேலை காத்துல ஆடினா மயிலும் பன்னியும் கொஞ்சம் யோசிக்கும். வீட்டுல இருந்தது பத்தலைன்னு அக்கா வீட்டுலயும் வாங்கினோம். அதைப் போட்டோ எடுத்து பையன் சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டான். மத்தியானமே சென்னையில இருந்து மாப்ள சம்சாரம் கூப்பிட்டுச்சு. "பெரியம்மா, கிழக்கு வேலியில மூணாவதா பச்சைக் கலர்ல ஒண்ணு தொங்குதே, அது எங்க கிரகப்பிரவேசத்துக்கு நான் எடுத்துக் குடுத்ததுதானே?"ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டம்மா ஒரு நிமிஷம் அசரலை. "ஆமா கண்ணு, உன் சேலைக்குத்தான் மயிலே பயப்படுது"ன்னுச்சு. அந்தப் பக்கம் என்ன பதில்னு தெரியலை. போனை வச்சுட்டு, "அவங்களுக்கு அஞ்சு கிலோ வெங்காயம் அனுப்பணும்"னு மட்டும் சொல்லுச்சு. எங்க இருந்து அனுப்புறதுன்னு நான் கேக்கலை.

மூணு ஃபேஸ் கரண்டு இந்த வாரம் எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான். மணி ஒன்பதே முக்கால். பங்காளி வேற வாசல்ல நின்னுக்கிட்டு, மைக் இல்லாததால கிசுகிசுன்னு, "உங்க வீட்டு நாலு ஓட்டும்..."னு இன்னொரு தடவை கேக்குறார். ஆமான்னுட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு மோட்டார் போடக் கிளம்புறேன்.